பறை காய்ச்சியவர்

 

இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு அழைப்பிதழ் அச்சடிக்கும்போதே எங்களுக்குள் ஒரு சண்டை. மேடையில் என் பெயரைச் சொல்லக் கூடாது, பேனரில் போடக் கூடாது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அழைப்பிதழில் போட்டுவிட்டோம். அதற்கே கோபித்திருப்பார். பேச்சிலாவது அவர் சொல்லைக் காப்பாற்றுவோம் என்று முடிவு செய்திருக்கிறோம். கலைக்குழுவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அண்ணன். இங்கேயும் அண்ணன்தான்.

முன்வரிசையில் அவருடைய அம்மா உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் மதினி. இவர்கள் முன்னால் கூட்டிச் சொல்லவும் முடியாது, குறைத்துச் சொல்லவும் முடியாது. தப்பாகச் சொன்னால் ஆத்தா இங்கேயே எழுந்து திருத்திவிடும்.

மாணவத் தோழர்களில் பலர் எங்கள் நிகழ்ச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். அண்ணனைப் பார்த்திருக்க மாட்டீர்கள். மேடைக்குப் பின்னால், கழிவறைச் சுவரோரமோ வண்டி நிறுத்துகிற இடத்திலோ, காய்ந்த தென்னோலை, அட்டைப்பெட்டி, கொஞ்சம் வைக்கோல் போட்டு ஒருவர் தீ மூட்டிக்கொண்டிருப்பார். தீயைச் சுற்றிப் பத்துப் பறைகள் சாய்ந்து நிற்கும். ஒவ்வொன்றாக எடுத்து, முகத்தைத் தீக்குக் காட்டி, ஒரு சுற்றுச் சுற்றி, விரலால் சுண்டிப் பார்ப்பார். போதாது என்றால் மறுபடி தீக்கு. பதம் வந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையில் கொடுப்பார். அது அண்ணன்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். பறையின் சட்டம் வேப்பமரம். மூன்று துண்டுகளை வட்டமாகச் சேர்த்து இரும்புத் தகட்டால் பிணைத்திருப்பார்கள். அதன்மேல் கன்றுத்தோலை இழுத்துப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியிருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் தோல் தொய்ந்துவிடும். அடித்தால் ஈரச்சாக்கை அடித்ததுபோல் கேட்கும். சூடு பட்டால் விறைக்கும். அப்போதுதான் ஊரையே திரும்பிப் பார்க்கவைக்கிற அந்தக் கணீர். சூடு கொஞ்சம் கூடினால் தோல் வெடித்துவிடும். அடிக்குச்சியும் சுண்டுக்குச்சியும் பிடிக்கச் சில மாதங்களில் பழக்கிவிடலாம். இந்தப் பதத்தைக் கற்றுக்கொள்ள வருசங்கள் ஆகும். ஐப்பசி அடைமழையில், ஒரு சுவரொட்டித் தாளைக்கூடப் பற்றவைக்க முடியாத ஈரத்தில், லாரிக்கு அடியில் தீ மூட்டிப் பறை காய்ச்சிக் கொடுத்திருக்கிறார்.

ஆனால் அவர் பறை அடித்ததில்லை. இத்தனை வருசத்தில் ஒரு தடவைகூடக் குச்சியைக் கையில் எடுத்து நாங்கள் பார்க்கவில்லை. வற்புறுத்தினால் சிரித்துக்கொண்டே தள்ளிப் போய்விடுவார். கூச்சம் என்று நினைத்தோம். எங்களில் சமூகவியலில் முதுகலை முடித்தவர்களும் இருந்தோம். கூடவே வருகிற மனிதரிடம் ஏன் என்று கேட்க எங்களுக்குப் பல வருசங்கள் ஆயின.

கேட்டபோது, ஒரு இரவு வண்டியில் திரும்பும் வழியில், சொன்னார்.

அவருடைய அப்பா ஊருக்குத் தப்படித்தவர். எங்கள் பக்கம் தப்பு என்றுதான் சொல்வார்கள். பறை என்ற சொல் இயக்கத்தோடு எங்களுக்குத் திரும்பி வந்தது. ஆதிக்கச் சாதி வீட்டில் சாவு விழுந்தால் அப்பா போக வேண்டும். முதலில் சுற்றுப்பட்டு ஊர்களுக்கு நடந்துபோய்க் கேதம் சொல்ல வேண்டும். பிறகு வந்து, பிணம் எடுக்கும்வரை வெயிலில் நின்று அடிக்க வேண்டும். போகமாட்டேன் என்று சொல்லும் உரிமை கிடையாது. களத்துமேட்டில் அறுவடைக்கு ஒருமுறை அளந்துபோடுகிற நெல்லுக்கு அது கட்டு. ஆறாவது ஏழாவது படிக்கும்போது, வகுப்பில் இருக்கிற பையனை ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். எதற்கு? அப்பாவின் தப்பைக் காய்ச்சத் தீ மூட்ட. கூடப் படிக்கிற பையன்கள் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் தெருவோரம் குந்தி, ஓலையைத் தள்ளித் தள்ளித் தீயைக் கட்டிக்காக்க வேண்டும்.

“அப்பக் கத்துக்கிட்டதுதான் தம்பி, இந்தப் பதம்” என்றார்.

எங்களுக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை. நாங்கள் கலை என்று கொண்டாடிக்கொண்டிருந்த கைப்பக்குவம், ஒரு பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துவந்து பழக்கப்பட்டது.

1991 அம்பேத்கர் நூற்றாண்டு. தமிழ்நாட்டுச் சேரிகளில் ஒரு தலைமுறை நிமிர்ந்த காலம். பெயர்ப்பலகைகள் எழுந்தன, படிப்பகங்கள் எழுந்தன, கூடவே மறுப்புகளும் எழுந்தன. செத்த மாடு தூக்க மாட்டோம், கேதம் சொல்ல மாட்டோம், தப்படிக்க மாட்டோம். இது புதிதாக முளைத்ததல்ல. 1927 மகாட் மாநாட்டிலேயே செத்த மாட்டைத் தூக்குவதையும் அதன் இறைச்சியை உண்பதையும் விட்டொழிக்கச் சொன்னார் அம்பேத்கர். இங்கே தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் பறையடிப்புக்கு எதிராக மக்களைத் திரட்டினார். அண்ணனுக்கு அப்போது பதினாறு பதினேழு வயது. அவர்கள் தெரு இளைஞர்கள் கூடி, இனி ஊர்ச் சாவுக்கு யாரும் போவதில்லை என்று முடிவெடுத்தார்கள். வயல்வேலை நின்றது. கடையில் சாமான் கொடுக்கவில்லை. வரப்பில் நடக்கக் கூடாது என்றார்கள். ஆறு மாதம் நெல்லில்லாமல் கிழங்கையும் கீரையையும் தின்று கிடந்ததாக ஆத்தா சொல்லும்.

முடிவெடுத்த அன்று இரவு அண்ணன் அப்பாவின் தப்பை இறக்கித் தெருவில் போட்டு உடைக்கப் போயிருக்கிறார். அப்பா தடுக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டாராம்: “அடிக்க மாட்டேன்னு சொல்லு. சரி. இது என்னடா பண்ணுச்சு ஒன்னைய?”

உடைக்கவில்லை. பரணில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அப்பா சாகும்வரை அதை இறக்கவே இல்லை.

தோழர்களே, இன்றைக்கு நாங்கள் பேச நினைத்தது இந்த இடத்தைப் பற்றித்தான். உடைப்பதா, எடுப்பதா? நம் வரலாற்றில் இரண்டுமே இருக்கின்றன. அயோத்திதாசர் ‘பறையன்’ என்ற பெயரே நமக்கு ஏற்றப்பட்ட இழிவு என்று மறுத்தார். பூர்வ பௌத்தர் என்று வேறொரு வரலாற்றை எழுதினார். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கியபோது அதே பெயரைத் தலைப்பில் அச்சிட்டார். இருவரும் ஒரே காலத்தவர்கள், உறவினர்களும்கூட. யார் சரி என்று பட்டிமன்றம் நடத்துவது நமக்குப் பிடித்த வேலை. இழிவை ஏற்க மாட்டேன் என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. பெயரைத் தூக்கி எறிவதும் அதையே நெஞ்சில் குத்திக்கொள்வதும் அந்த ஒரே மறுப்பின் இரண்டு கைகள்.

பறைக்கும் இப்படித்தான் நடந்தது. கிராமத்தில் இளைஞர்கள் கீழே வைத்த பறையை, அதே 90களில், கலைக்குழுக்கள் மேடையில் எடுத்தன. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு முதலானோர் முன்னெடுத்த தலித் கலைவிழாக்கள், திண்டுக்கல்லில் பெண்களே அடித்தாடிய சக்தி கலைக்குழு, கே.ஏ. குணசேகரனின் தன்னானே. இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ குணசேகரன் குரலில் சேரி சேரியாகப் போனது. எங்கள் குழு இவற்றைப் பார்த்துப் பிறந்த நூறு சின்னக் குழுக்களில் ஒன்று. பெரிய பெயரெல்லாம் கிடையாது. மாலைநேரப் படிப்பகத்துப் பிள்ளைகள், நாலைந்து கல்லூரி மாணவர்கள், இரவல் பறைகள்.

அண்ணன் எங்களிடம் வந்தது அப்படியொரு நாளில்தான். குட்டியானை வண்டி வைத்துக் காய்கறி ஏற்றிக்கொண்டிருந்தார். வாடகைக்குக் கூப்பிட்டோம். நாங்கள் பறையைத் தீயில் வாட்டிக்கொண்டிருந்த இலட்சணத்தைத் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறார். பொறுக்க முடியவில்லை. வந்து வாங்கிக்கொண்டார். அன்றைக்கு வாடகை வாங்கவில்லை. அதற்குப் பிறகும் வாங்கவில்லை. டீசலுக்கு மட்டும் கணக்கு, அதிலும் பாதி நாங்கள் இன்னும் பாக்கி.

உடைக்கப்போன கைதான் காய்ச்சிக் கொடுத்தது. ஆனால் அடிக்கவில்லை. அதை முரண்பாடு என்று எங்களில் சிலர் சொன்னோம். இப்போது அப்படித் தோன்றவில்லை. தன் தலைமுறை எடுத்த உறுதியை அவர் கைவிடவில்லை. அடுத்த தலைமுறை எடுத்ததையும் தடுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில், தீக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நிகழ்ச்சிக்கு யாராவது அழைத்தால் அண்ணன் மூன்று கேள்வி கேட்பார். யார் கூப்பிடுறா? சாப்பாடு எங்க வச்சுப் போடுவாக? வரலைன்னு சொன்னா என்ன செய்வாக? மூன்றாவது கேள்வியை நாங்கள் முதலில் புரிந்துகொள்ளவில்லை. ஒரு பெரிய மனிதர் வீட்டுச் சாவுக்குப் பறை கேட்டு வந்தார்கள். நல்ல பணம். கலைக்குழு என்றுதான் மரியாதையாகக் கேட்டார்கள். எங்களுக்கு அப்போது பணமுடை, போகலாம் என்றோம். அண்ணன் தொலைபேசியை வாங்கி, “பிள்ளைகளுக்குப் பரீட்சை, வர இயலாதுங்க” என்றார். எதிர்முனையில் குரல் மாறியது. ஒருமைக்கு வந்தது. அப்பனுக்கப்பன் செய்த வேலைதானே என்றது. அண்ணன் ஒலிபெருக்கியில் போட்டு எங்களைக் கேட்கவைத்துவிட்டு, பேசாமல் துண்டித்தார். கலையா அடிமைத் தொழிலா என்று நாங்கள் கருத்தரங்கில் மணிக்கணக்காகப் பேசியதுண்டு. முடியாது என்று சொல்ல முடிந்தால் கலை, முடியாவிட்டால் தொழில். அவ்வளவுதான் அவருக்கு.

இப்போது பறைக்கு நல்ல காலம். 2017 ஜனவரியில் மெரினாவில் அடித்தார்கள். கல்லூரி விழாக்களில் அடிக்கிறார்கள், திருமண வரவேற்பில் அடிக்கிறார்கள், வெளிநாட்டில் வாழும் தமிழர்கள் வகுப்பு வைத்துக் கற்கிறார்கள். 2025இல் மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்த அன்று அண்ணன் ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிவந்து தெரு முழுக்கக் கொடுத்தார். மகிழ்ச்சி இல்லாமல் இல்லை. ஆனால் பறை ஆதித்தமிழன் கருவி, தொல்காப்பியத்தில் கருப்பொருளாக இருக்கிறது என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கண்டால் அவர் முகம் மாறும். ஒருமுறை ஒரு பேராசிரியரிடம், மிகவும் பணிவாகத்தான், கேட்டார்: “தொல்காப்பியத்துல இருக்குன்னா எங்கப்பா ஏங்கையா வாசலுக்கு வெளிய நின்னாரு?” தமிழர் இசை என்று சொல்லும்போது தமிழர் சாதியைக் காணாமல் போக்கிவிடுகிற வித்தை அது. கருவியை வீட்டுக்குள் கூப்பிடுகிறார்கள். கருவியைச் செய்தவனை?

இதோடு சேர்த்து ஃபைபர் பறை விசயத்தையும் சொல்லிவிட வேண்டும். தோலுக்குப் பதில் ஃபைபர் போட்ட பறை வந்தபோது எங்களில் கலைஞர்கள் எல்லோரும் எதிர்த்தோம். நாதம் இல்லை, மரபு போய்விடும் என்றோம். தீயே வாழ்க்கையாக இருந்த அண்ணன் எங்கள் பக்கம் நிற்பார் என்று நினைத்தோம். அவர் நாலு ஃபைபர் பறை தன் காசில் வாங்கிக்கொண்டு வந்து இறக்கினார். “தோலு உரிக்க ஒரு சாதி வேணாம்ல” என்றார். நாங்கள் அதை அதிகம் அடிக்கவில்லை. மூலையில் கிடந்தது. எங்கள் காதுக்குத் தோலின் ஒலிதான் வேண்டியிருந்தது. அந்தத் தோலை யார் உரிக்கிறார்கள், யார் ஊறவைத்து முடி நீக்குகிறார்கள், எந்தத் தெருவில் அந்த வாடை நிற்கிறது என்பது எங்கள் பறையாட்ட வகுப்புப் பாடத்திட்டத்தில் இல்லை. இப்போதும் இல்லை.

பெண் பிள்ளைகள் குழுவுக்கு வந்ததும் அவரால்தான். “பொம்பளப் புள்ள தப்படிக்கவா?” என்று எதிர்த்தது ஊர் அல்ல, நம் தெருவே. தாய்மார்களின் கவலை நியாயமானது. ஏற்கெனவே நம் பெண்களை எப்படிப் பேசுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அண்ணன் பெண்ணியம் எதுவும் பேசவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, “எத்தன மணி ஆனாலும் இதே வாசல்ல கொண்டாந்து விடுவேன் தாயி” என்றார். விட்டார். இரவு ஒரு மணிக்கு, இரண்டு மணிக்கு, ஏழு வீடு. கதவு திறந்து பிள்ளை உள்ளே போகும்வரை வண்டி விளக்கு அணையாது. அந்தப் பெண்களில் இருவர் இன்றைக்கு ஆசிரியர்கள். ஒருத்தி இந்தக் கூட்டத்துக்கு ஒலிபெருக்கி ஏற்பாடு செய்தவள்.

அவர் போன பிறகு மதினி ஒரு நோட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு. டீசல் கணக்கு என்று நினைத்துப் பிரித்தோம். டீசலும் இருந்தது. தேதி, ஊர், கூப்பிட்டவர், எத்தனை பேர் போனோம். கடைசியில் ஒரு கட்டம்: சாப்பாடு. அதில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு சொல். ‘பந்தி.’ ‘வெளியே.’ ‘பார்சல்.’ ‘காசு குடுத்து ஓட்டல்ல.’ ‘தனி டம்ளர்.’ அதற்குப் பக்கத்தில் சில இடங்களில் ‘கேட்டேன்’ என்றிருக்கிறது. அப்படிக் கேட்ட சில இடங்களில் நாங்கள் சாப்பிடாமல் திரும்பியது நினைவிருக்கிறது; ஏன் என்று அன்று எங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை, வண்டி நேரமாச்சு என்பார். ஓரிடத்தில், ‘வெளியே. புள்ளைக பசி. கேக்கல’ என்று எழுதியிருக்கிறார்.

அந்த நாள் எங்களுக்கு நினைவில்லை. நன்றாகச் சாப்பிட்டிருப்போம்.

சமூகவியலில் கள ஆய்வு, பங்கேற்பு உற்றுநோக்கல் என்று படிக்கிறோம். மாணவர்கள் சிலர் எங்கள் குழுவையே ஆய்வுக்கு எடுத்ததுண்டு. ஒலி, அடவு, அடையாள அரசியல் பற்றி எழுதினார்கள். நல்ல ஆய்வுகள்தான். எதிலும் சாப்பாட்டுக் கட்டம் இல்லை. நன்றியுரையில் கலைஞர்கள் பெயர் எல்லாம் இருந்தன. வண்டி ஓட்டியவர் பெயர் இல்லை. அவரே வேண்டாம் என்றாரே என்று நாங்கள் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவர் வேண்டாமென்பதற்கு முன்பும் எங்கள் துண்டறிக்கைகளில் அவர் பெயர் இருந்ததில்லை. பழைய கட்டை எடுத்துப் பார்த்துவிட்டோம். அடிக்கிறவர் கலைஞர், காய்ச்சுகிறவர் உதவி. சாதி என்பது உழைக்கிறவர்களையே மேல் கீழாக அடுக்கிவைக்கிற ஏற்பாடு என்று அம்பேத்கரைப் படித்து வகுப்பெடுத்த நாங்கள், எங்கள் குழுவுக்குள்ளும் அப்படி ஒரு சின்ன அடுக்கை வைத்திருந்தோம்.

அவர் இறந்தது ஒரு விடிகாலை. சந்தையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்று முந்தின வாரமே மதினியிடம் சொல்லியிருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அந்த வாரம் எங்களுக்கு மூன்று நிகழ்ச்சி, மூன்றுக்கும் அவர்தான் வண்டி.

எனக்குத் தப்படிக்கக் கூடாது என்று பலமுறை சொல்லியிருந்தார். வீட்டு முன்னால் நின்று அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். மூத்தவர்கள் வேண்டாம் என்றோம். பெண் பிள்ளைகள் கேட்கவில்லை. யார் யாருக்கோ அடித்தோம், அண்ணனைச் சத்தமில்லாமல் அனுப்புவதா என்று அழுதார்கள். அவர் வாக்கை மீறலாமா என்று நாங்கள். குரல் உயர்ந்தது. உள்ளேயிருந்து ஆத்தா வந்தது.

“ஏன்யா நிக்கிறீக?”

சொன்னோம்.

“அவன் சொன்னது ஊருக்கு அடிக்கிறத. ஒங்கள யாரு நெல்லு அளந்து கூப்பிட்டா? நீங்களா வந்தீக. புடிச்சா அடிங்க. புடிக்கலன்னா சும்மா வாங்க.”

பிடித்தால். பிடிக்கவில்லை என்றால். அண்ணனின் மூன்றாவது கேள்வி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அடிப்பதென்று முடிவானது. பறைகளை இறக்கினோம். தீ மூட்டினோம். அத்தனை பேரும் தீயைச் சுற்றி நின்றோம், ஒருவருக்கும் பதம் தெரியவில்லை. விரலால் சுண்டினால் எல்லாம் ஒரே மாதிரி கேட்டது. முதல் பறையின் தோல் எங்கள் கையிலேயே வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. பயந்துபோய் மற்றவற்றை அரைச்சூட்டில் எடுத்துவிட்டோம். அன்று அடித்தது பறையே அல்ல. மந்தமான, ஈரமான ஒலி. தெருமுனை தாண்டிக் கேட்டிருக்காது. பாதி வழியில் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி வண்டிக்கு ஓடிப்போய், மூலையில் கிடந்த ஃபைபர் பறைகள் நான்கையும் தூக்கிக்கொண்டு வந்தாள். சுடுகாடுவரை அதுதான் கேட்டது. அவற்றுக்குத் தீ வேண்டாம்.

பரணில் கிடந்த அப்பாவின் தப்பை ஆத்தா போன மாதம் எங்களிடம் கொடுத்துவிட்டது. தோல் இற்றுவிட்டது, சட்டம் உறுதியாக இருக்கிறது. புதுத் தோல் போடுவதா, ஃபைபர் போடுவதா என்று குழுவில் இன்னும் முடிவாகவில்லை. ஆத்தாவைக் கேட்டோம், “ஒங்க பாடு” என்றுவிட்டது. அதுவும் அந்த நோட்டும் வாசல் மேசையில் இருக்கின்றன. நோட்டைப் புரட்டிப் பார்க்கலாம், படம் எடுக்க வேண்டாம்.

தேநீருக்குப் பிறகு மண்டபத்துக்குப் பின்னால் தீ மூட்டப்போகிறோம். காவலாளியிடம் சொல்லியாயிற்று. கற்றுக்கொடுக்கப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெரியவர் வந்திருக்கிறார். ஊருக்கு அடித்தவர், விட்டவர். வருவாரோ மாட்டாரோ என்றிருந்தோம். வந்துவிட்டார். எங்களோடு பந்தியில்தான் சாப்பிட்டார். விருப்பமுள்ளவர்கள் பின்பக்கம் வாருங்கள். காய்ந்த ஓலை கொஞ்சம்தான் இருக்கிறது, கையில் அட்டைப்பெட்டி கிடைத்தால் எடுத்துவாருங்கள்.